மின்னும் கிட்டாரைக் கேட்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



ஹெவி மெட்டல் என்று வழங்கும் சங்கீதத்தில் மோகம் கொண்ட ஒரு மகனோ மகளோ தங்கள் வீட்டில் இருந்து, அந்தப் பிள்ளை சில மாதங்களாகக் கூரிய இரண்டு சிறகுகளும் இரத்தச் சிவப்பு மெருகும் உடைய ஒரு மின்சாரக் கிட்டாரின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, சாப்பிடும்போதும் படிக்கும்போதும் அதையே எடுத்தெடுத்துப் பார்த்து, இறுதியில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தங்களிடம் வாய்விட்டுக் கேட்டும் விட்டதென்றால், தாங்கள் என்ன விடை பகர்ந்திருப்பீர்கள் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். கண்டிப்பானவராக இருந்தால் "முதலில் பரீட்சை முடியட்டும்" என்றிருப்பீர்கள். சாந்த சுபாவம் உடையவராக இருந்தால், "வாங்கித் தருகிறேன், ஆனால் இப்படிக் கோமாளி வேஷம் போட்டதெல்லாம் வேண்டாம், பார்க்க லட்சணமாக, மரநிறத்தில் ஒன்று பார்த்துக்கொள்" என்றிருப்பீர்கள். முதல் விடையைப் பற்றி நான் ஏதும் சொல்வதற்கில்லை. பரீட்சைகள் முடியத்தான் வேண்டும். இரண்டாவது விடையை ஆட்சேபிப்பதற்காகவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

வாத்தியம் என்பது காதின் பொருட்டு ஏற்பட்டது. வர்ணத்திலும் வடிவத்திலும் மயங்குகிற பிள்ளைக்கு வித்தையில் சிரத்தை இராது. ஆகவே ஆடம்பரத்தை மறுத்து வாத்தியத்தை மட்டும் கொடுத்தால் சிரத்தை தானே வந்து சேரும் என்பது தங்கள் தர்க்கம். கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிற இந்தத் தர்க்கத்தைத் தஞ்சாவூர் வீணையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால் அது அங்கேயே தடுமாறிப் போகும். வீணையின் தண்டி முனையில் வாயைப் பிளந்துகொண்டு வளைந்து நிற்கிறதே ஒரு யாளி, அதனால் நாதத்துக்கு ஏற்பட்ட உபகாரம் என்ன? குடத்தின் விளிம்பைச் சுற்றி ஓடுகிற சித்திர வேலைக்கும் சட்ஜத்தின் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? நாகஸ்வர வித்வானின் வைரக் கடுக்கனும் தங்கத் தோடாவும் இல்லாவிட்டால் தோடி ராகம் குறைந்தா போய்விடும்? இவற்றையெல்லாம் நாம் சம்பிரதாயம் என்று சொல்லி வணங்குகிறோம். இன்னும் பின்னே போனால், பொருநராற்றுப்படை பாடிய புலவர் யாழின் பத்தருக்கு ஓர் உவமை, அதன் மேல் போர்த்த தோலுக்கு ஓர் உவமை, ஆணிகளுக்கு ஓர் உவமை, நரம்புக்கு ஓர் உவமை என்று கருவியின் தோற்றத்தையே நின்று நிதானமாக வருணித்துவிட்டு அப்புறந்தான் அதன் இசைக்கு வருகிறார். கண்ணையும் காதையும் பிரித்து வைக்கிற துறவு நம் முன்னோரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அதைக் கலிபோர்னியாவிலும் மிச்சிகனிலும் பிறந்த ஒரு வாத்தியத்தின் மேல் மாத்திரம் நாம் சுமத்துவானேன்?

இந்த வாத்தியத்தின் விஷயத்தில் வடிவத்துக்கு இன்னொரு தனிச் சலுகையும் உண்டு. சாதாரணக் கிட்டாருக்கு வயிறு வேண்டும். உள்ளே காற்று அதிர வேண்டும். மேற்பலகை மெல்லியதாக இருந்து துடிக்க வேண்டும். ஆகையால் அதன் உருவத்தை நாதமே வகுத்துவிட்டது, தச்சன் நினைத்தாலும் அதிகம் மாற்றுவதற்கில்லை. மின்சாரக் கிட்டாரிலோ, தந்திகளுக்குக் கீழே பதித்த காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளுமாகிய பிக்கப் என்னும் உறுப்பு, எஃகுத் தந்தியின் அசைவை நேராக மின்சார அலையாக மாற்றி அனுப்பிவிடுகிறது. உடல் ஒரு திடமான மரத்துண்டாக இருந்தால் போதும். இதை நிரூபிப்பவர்போல லெஸ் பால் என்னும் அமெரிக்கக் கலைஞர் 1940ஆம் ஆண்டையொட்டி, நியூயார்க்கில் எபிஃபோன் கம்பெனியின் தொழிற்சாலையில், நாலங்குலச் சதுரமான ஒரு பைன் மரக்கட்டையில் கழுத்தையும் தந்தியையும் பிக்கப்பையும் பொருத்தி ஒரு கருவி செய்தார். அதற்குக் கட்டை என்றே பெயர். அதை அவர் மேடையில் வாசித்தபோது சபையோர் ஏனோதானோ என்று இருந்தார்கள். பிறகு ஒரு பழைய கிட்டாரின் உடலை இரண்டாக அறுத்து அந்தக் கட்டையின் இரு பக்கமும் இறக்கைபோல ஒட்டி, கிட்டார் மாதிரி தோன்றச் செய்துகொண்டு போனார். அதே கட்டை, அதே தந்தி, அதே விரல்கள். சபையோர் இப்போது ரசித்தார்கள். ஒட்டிய பாகங்களால் ஒலியில் பிரமாதமான மாறுதல் எதுவும் இல்லை என்பதை அவரே அறிவார். அந்தக் கட்டை இன்று நாஷ்வில் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருவத்தை நாதத்தின் கட்டளையிலிருந்து விடுவித்துவிட்டால், அந்த இடத்தில் மனிதனின் கற்பனை வந்து உட்கார்ந்துகொள்ளாமல் வேறு யார் வந்து உட்காருவது?

வந்து உட்காரவும் செய்தது. 1958ஆம் ஆண்டில், மிச்சிகன் மாகாணத்துக் கலமஸூ நகரில் இருந்த கிப்ஸன் கம்பெனி, தன்னைப் பழமையில் ஊறியது என்று பேசியவர்களுக்கு விடை சொல்வதுபோல, ஃப்ளையிங் வி என்றும் எக்ஸ்ப்ளோரர் என்றும் இரண்டு கூர்வடிவக் கிட்டார்களை வெளியிட்டது. கடைக்காரர்கள் திகைத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் விலைபோன ஃப்ளையிங் வி நூறைக்கூட எட்டவில்லை. கம்பெனியார் உற்பத்தியை நிறுத்தி விட்டார்கள். தங்கள் பிள்ளை காட்டும் படத்தைப் பார்த்துத் தாங்கள் முகம் சுளித்தது போலவே அன்றைய அமெரிக்கத் தந்தையரும் சுளித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆயினும் ஆல்பர்ட் கிங் போன்ற புளூஸ் வித்வான்கள் அதைக் கையிலெடுத்துக்கொண்டார்கள்; அறுபதுகளின் பிற்பகுதியில் கம்பெனி மறுபடி அதை வெளியிட வேண்டி வந்தது; எழுபதுகளில் ஜூடாஸ் பிரீஸ்ட், ஸ்கார்பியன்ஸ் முதலிய குழுவினர் அதை மெட்டலின் கொடியாகவே ஆக்கிவிட்டார்கள். வர்ணமும் அப்படியே. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஃபெண்டர் கம்பெனி தன் கிட்டார்களுக்குப் பூசிய விசேஷ வர்ணங்கள், டியூபான்ட் கம்பெனி மோட்டார் வண்டிகளுக்காகத் தயாரித்தவை. காடிலாக்கின் நீலம் அப்படியே கிட்டாரின் நீலமாயிற்று. ஆக, இந்தப் பளபளப்பு தங்கள் பிள்ளையின் தலைமுறை கண்டுபிடித்த விஷமம் என்று எண்ண வேண்டாம். அதன் வயது தங்கள் வயதைவிட அதிகமாகவே இருக்கக்கூடும்.

எதிர்க்கட்சிக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும். மெட்டல் சங்கீதத்தின் நாதம் பிறந்த இடத்தில் பளபளப்பு எதுவும் இருக்கவில்லை. அது பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிற்பேட்டையில், ஓர் இயந்திரத்தின் அடியில். டோனி அயோமி என்னும் பதினேழு வயதுப் பையன், தகடு வேலை செய்யும் ஆலையில் தன் உத்தியோகத்தின் கடைசி நாளன்று, வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் யந்திரத்துக்குப் பலி கொடுத்தான். இடக்கைப் பழக்கமுடைய அவனுக்குத் தந்தியை அழுத்துகிற கை அதுவே. இனி வாசிக்க முடியாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்ட நிலையில், ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் மேதையின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக்காட்டி, இவருக்கும் இரண்டு விரல்கள் பயன்படாதவைதாம் என்று சொன்னாராம். பையன் பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, வலிக்காதிருக்க மெல்லிய தந்திகளைத் தேடிப்பிடித்து, அவற்றையும் பின்னாளில் மூன்று அரைச்சுரம் கீழிறக்கித் தளர்த்திக்கொண்டு வாசித்தான். 1970 பிப்ரவரியில் வெளிவந்த, அவனுடைய பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டிலும், அடுத்த ஆண்டில் வெளிவந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியிலும் கேட்கிற அந்தக் கனத்த, மந்தரமான முழக்கத்தில் ஒரு பாதி, காயம்பட்ட விரலின் சௌகரியத்துக்காக ஏற்பட்டது. அவன் கையில் இருந்த கிட்டாரும் குரங்குப் படம் ஒட்டிய ஒரு சாதாரணச் சிவப்புக் கிப்ஸன் எஸ்ஜிதான்.

இந்த முழக்கத்தின் மற்றப் பாதி எது என்று கேட்டால், அது நமக்கு அந்நியமான ஒன்றன்று. ஆம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒலிபெருக்கியை அதன் சக்திக்கு மேல் முடுக்கும்போது, அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகி, மூலச் சுரத்தோடு அதன் மேல்ஸ்தாயி அம்சங்கள் ஏராளமாகக் கிளம்புகின்றன. இதற்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். இந்த நிலையில் காந்தாரத்தைச் சேர்த்து ஒலித்தால் அலைகள் ஒன்றோடொன்று மோதிக் கரகரத்துச் சேறாகிவிடும். ஆகையால் மெட்டல் வாசிப்போர் காந்தாரத்தை விலக்கிவிட்டு, சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் ஆகிய மூன்றை மாத்திரம் சேர்த்து மீட்டுகிறார்கள். பவர் கார்டு என்று பிள்ளைகள் பெருமையோடு சொல்வது இதைத்தான். நம் சபைகளில் தம்பூரா இடையறாது சொல்லிக்கொண்டிருக்கிற அதே ச-ப-ச. சத்தம் சகிக்கவில்லை என்று தாங்கள் அறைக்கதவைச் சாத்தும்போது, உள்ளே பிள்ளை சுத்தமான பஞ்சமத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைத்துக்கொண்டே சாத்துங்கள்.

எளிமையில் பிறந்த இந்தச் சங்கீதம் பத்தாண்டுக்குள் ஆடை ஆபரணங்களை அணிந்துகொண்டது உண்மை. அணிந்துகொண்டவர்கள் யார் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். ராண்டி ரோட்ஸ் என்பவர் கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு சிறகுவடிவக் கிட்டாரோடு மேடையேறியவர்; அது போதாதென்று 1980ஆம் ஆண்டின் இறுதியில் காகிதத்தில் வரைந்த ஒரு படத்தோடு குரோவர் ஜாக்ஸன் என்னும் கைவினைஞரிடம் போய், ஒரு சிறகு நீண்டும் மற்றொன்று குறுகியும் இருக்கிற வெள்ளைக் கிட்டார் ஒன்றைச் செய்யச் சொன்னவர். அது அவ்வளவு விபரீதமாக இருந்ததனால், ஜாக்ஸன் தம் சார்வெல் கம்பெனியின் பெயரை அதன்மேல் பொறிக்கத் தயங்கித் தம் சொந்தப் பெயரைப் பொறித்தார்; இன்று உலகெங்கும் விற்பனையாகும் ஜாக்ஸன் கிட்டார்களின் ஆரம்பம் அந்தத் தயக்கமே. இந்தப் புள்ளிக்காரர் ஓர் இசையாசிரியையின் மகன். தாயார் நடத்திய மியூஸோனியா என்னும் பள்ளியில் கற்று, அங்கேயே பிறருக்குக் கற்பித்தவர். புகழின் உச்சியில் ஊர் ஊராகச் சுற்றிய காலத்திலும், போன ஊரில் கிளாஸிக்கல் கிட்டார் ஆசிரியர் யாரென்று விசாரித்துப் போய்ப் பாடம் கேட்டவர். இருபத்தைந்தாவது வயதில், 1982இல், ஒரு விமான விபத்தில் மறைந்தார். புள்ளி வைத்த மெருகு சாதகத்துக்குக் குறுக்கே நின்றதாகச் சரித்திரம் இல்லை.

எடி வான் ஹேலனின் கதை வேறு மாதிரி. மலிவாக வாங்கிய பழுதுபட்ட உடலும் தனியாக வாங்கிய கழுத்தும் வேறொரு கிட்டாரிலிருந்து பிடுங்கிய பிக்கப்புமாகத் தாமே சேர்த்துப் பூட்டிய கருவிக்கு, ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிச் சைக்கிள் வர்ணத்தைப் பூசிக் கோடுகளை உண்டாக்கினார். அந்தக் கோடுகள் பிரசித்தமானபோது கம்பெனிகள் பிரதி எடுக்க ஆரம்பிக்கவே, அவர் சிவப்பைப் பூசி மறுபடி மாற்றினார். அந்த வரிசையில் கறுப்பிலும் மஞ்சளிலும் கோடிட்ட இன்னொரு கிட்டாரும் அவருக்கு இருந்தது. பான்டெரா குழுவின் டைம்பேக் டாரல் என்பவர், சிறு வயதில் ஒரு போட்டியில் பரிசாகப் பெற்ற டீன் கிட்டாரைக் கார் வாங்குவதற்காக விற்றுவிட்டு, பின்னர் அது ஒரு நண்பர் கைக்கு வந்து, அவர் மின்னல் சித்திரம் தீட்டித் திருப்பிக் கொடுக்கவே அதையே தம் அடையாளமாக்கிக்கொண்டவர். அவர் வான் ஹேலனிடம் அந்தக் கறுப்பு மஞ்சள் கோட்டில் ஒரு பிரதி வேண்டுமென்று கேட்டிருந்தார். 2004 டிசம்பரில் ஒஹையோவில் மேடையிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, வான் ஹேலன் பிரதியைக் கொண்டுவரவில்லை. அசலையே கொண்டுவந்து அவருடைய சவப்பெட்டிக்குள் வைத்தார். பூசிய வர்ணந்தானே என்று நாம் சொல்லிவிடலாம். அந்த இருவரிடத்தில் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே வடிவத்தையும் வர்ணத்தையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தினமும் கையிலெடுக்கத் தூண்டுகிற வாத்தியம் எதுவோ அதுவே ஆரம்ப மாணவனுக்கு உசிதமான வாத்தியம். மரநிறத்துக் கிட்டார் எத்தனை லட்சணமாக இருந்தாலும் கட்டிலுக்கடியில் கிடந்தால் பிரயோஜனம் என்ன? தங்கள் கண்டிப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைச் செலுத்த வேண்டிய இடம் வேறு.

முதலாவது இடம் குதிரை. தந்திகள் அமர்கிற இந்த உறுப்பு சில கிட்டார்களில் உடலோடு அசையாது நிற்கும். சிலவற்றில், ஃப்ளாய்ட் ரோஸ் என்பவர் 1979இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, இரண்டு ஆணிகளின் மேல் கத்திமுனைபோலத் தொங்கி, முன்னே தந்திகளும் பின்னே சுருள்வில்களும் இழுக்கிற இழுப்பில் சமநிலையில் மிதந்துகொண்டிருக்கும். அதில் பொருத்திய தண்டைப் பிடித்து அழுத்தினால் சுரம் பாதாளம் வரை சரிந்து, விட்டால் சுருதி பிசகாமல் திரும்பும். அற்புதமான யந்திரம் என்பதில் சந்தேகமே இல்லை. என் தமக்கை மகன் வாங்கிய கிட்டார் இந்த ஜாதி. ஒருநாள் அதன் மெல்லிய முதல் தந்தி அறுந்தது. புதுத் தந்தியின் முனையிலுள்ள உருண்டையைக் குறட்டால் வெட்டி எறிந்து, முனையைக் குதிரையின் இடுக்கில் செருகி, ஆறுபட்டைச் சாவியால் இறுக்கி, கழுத்தின் தலைப்பிலுள்ள பூட்டைத் தளர்த்தி, பிருடையைத் திருகி அவன் சுருதி சேர்த்தான். முதல் தந்தி ஏறியதும் குதிரை முன்னே சாய்ந்து மற்ற ஐந்தும் இறங்கிவிட்டன. அவற்றை ஏற்றினான், முதலாவது இறங்கியது. "என்னடா இது, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதா?" என்று கேட்டேன். "இல்லை மாமா, இது மிதக்கிற பிரிட்ஜ், ஆறையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும்" என்றான், கண்ணை எடுக்காமல். தமக்கை வைத்துவிட்டுப் போன காப்பி ஆடை கட்டிப்போயிற்று. அவனுக்குப் பொறுமை உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் உண்டென்று சொல்ல முடியாது. அதோடு, மலிவான கிட்டார்களில் வருகிற இந்தக் குதிரைகளின் கத்திமுனை மெத்தென்ற உலோகமாக இருந்து விரைவில் மழுங்கி, சுருதி நில்லாமற் போவதும் உண்டு. ஆகவே முதற் கிட்டாருக்கு அசையாத குதிரையே உத்தமம். சிறகும் சிவப்பும் இருக்கட்டும், குதிரை நிற்கட்டும்.

அடுத்தது கழுத்து. கடையில் கிட்டாரைக் கையில் வாங்கியவுடன் உள்ளங்கை விளிம்பைக் கழுத்தின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். மெட்டுக் கம்பிகளின் முனைகள் முள்ளாகக் குத்தினால், வர்ணத்துக்குச் செலவிட்ட கவனத்தை மெட்டுக்குச் செலவிடவில்லை என்று பொருள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். எங்கும் கொரகொரப்போ ஊமையோ கூடாது. பன்னிரண்டாவது மெட்டில் தந்தியை இலேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சங்கீத ஞானமுள்ள தாய்மார்களுக்கு இது ஒரு நிமிஷ வேலை. கடைக்காரர் கழுத்தைச் சரிசெய்து தருவதாகச் சொன்னால் அந்தக் கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். விரற்பலகை ஈட்டி மரமாக இருக்குமானால் அதை ஒருமுறை தடவிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைகிற அதே ஈட்டிதான். இந்தியாவிலிருந்து போன ஈட்டிப் பலகைகளின் ஏற்றுமதிச் சட்டத்தை முன்னிட்டு 2011ஆம் ஆண்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்ஸன் கம்பெனியின் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டார்கள். மடகாஸ்கர்க் கருங்காலி பற்றிய முந்தைய வழக்கும் சேர்ந்து மறு ஆண்டில் மூன்று லட்சம் டாலர் அபராதத்தில் முடிந்தது. 

பிக்கப் விஷயத்தில் ஹம்பக்கர் என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் ஐம்பது சுழற்சி ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டிஸ்டார்ஷன் ஏறும்போது அந்த ரீங்காரம் பூதமாக வளரும். கிப்ஸனில் பணிபுரிந்த ஸெத் லவர் என்னும் பொறியாளர், எதிரெதிர்த் திசையில் இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் தந்தியின் ஒலி கூடிக்கொள்ளவும் வழிசெய்தார். 1957 முதல் அது கிட்டார்களில் வந்தது. மெட்டலுக்கு அதுவே வேண்டும். சிலவற்றில் ஒன்பது வோல்ட் மின்கலம் கேட்கிற பிக்கப்புகள் இருக்கும். வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றாவிட்டால் மின்கலம் தானே தீர்ந்துவிடும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றிலும் தாங்கள் சற்றும் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது கிட்டாரிலேயே இல்லை, தங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மின்சாரக் கிட்டாரின் தந்திகள் வயர் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடும், அதன் வழியாக வீட்டின் எர்த் கம்பியோடும் இணைந்தவை. வாசிப்பவன் இரு கைகளாலும் அந்தத் தந்தியையே பற்றிக்கொண்டிருக்கிறான். மூன்று முளைப் பிளக்கின் பெரிய முளையை ஒடித்துவிட்டோ, எர்த் செத்துப்போன பழைய பிளக் பாயிண்டிலோ செருகி வாசிப்பது விளையாட்டன்று. 1972ஆம் ஆண்டு மே மாதத்தில் வேல்ஸ் தேசத்து ஸ்வான்ஸீ நகரில், லெஸ் ஹார்வி என்னும் இளம் கிட்டார் கலைஞர், எர்த் இல்லாத ஒரு மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். கிட்டார் வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த அறையின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வர்ணத்தைப் பற்றி விவாதித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

ஆம்பைப் பொறுத்தவரை பிள்ளை மேடையில் பார்த்த நூறு வாட் பெட்டியைக் கேட்டால் தயக்கமில்லாமல் மறுத்துவிடலாம். டிஸ்டார்ஷன் என்பது அலை வெட்டுப்படுவதால் வருவதேயன்றிச் சத்தத்தின் அளவால் வருவதன்று. பத்து வாட் பெட்டியே ஓர் அறைக்கு அதிகம். ஹெட்ஃபோன் செருகும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால், பிள்ளையின் காதில் எரிமலை வெடித்துக்கொண்டிருக்கும். அடுத்த அறையில் இருக்கிற தங்களுக்குத் தந்தியில் உலோகம் உரசுகிற டிக் டிக் என்ற சிற்றொலி மாத்திரமே கேட்கும். அக்கம்பக்கத்தாரின் சிநேகம் கெடாமல் வளர்க்கக்கூடிய சங்கீதங்களில், மிருதங்கத்தோடும் நாகஸ்வரத்தோடும் ஒப்பிட்டால், இது மிகவும் சாதுவானது என்று துணிந்து சொல்லலாம். ஹெட்ஃபோனின் ஒலியளவை மாத்திரம் அவ்வப்போது எட்டிப் பாருங்கள். காது ஒன்றுதான் இந்தச் செலவுப் பட்டியலில் மறுபடி வாங்க முடியாத சாமான்.

இத்தனைக்கும் பிறகு அந்தச் சிறகுக் கிட்டார் வீட்டுக்கு வந்துவிட்டால், அதைக் கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து வாசிக்கும்போது அது மடியில் நிற்காமல் வழுக்கும். 1958ஆம் ஆண்டு ஃப்ளையிங் வியின் கீழ் விளிம்பிலேயே இதற்காக ஒரு ரப்பர்ப் பட்டை ஒட்டியிருந்தார்கள். கீழ்ச்சிறகைத் துடைகளுக்கு நடுவில் இறக்கி, கழுத்தை மேல்நோக்கிப் பிடித்தால் சரியாக அமரும். கிளாஸிக்கல் ஆசிரியர்கள் வற்புறுத்துகிற ஆசனமும் ஏறக்குறைய அதுவே. சாதாரணக் கிட்டாருக்கான பையில் அது நுழையாது; அதற்கென்றே செய்த உறையை அதே நாளில் வாங்கிவிடுங்கள், பிறகு அலைய நேரும். தரையில் வைக்கிற தாங்கியிலும் அது ஒழுங்காக நிற்காது. மூலையில் சாய்த்து வைத்தாலோ, வீட்டைப் பெருக்க வருகிற அம்மாவின் துடைப்பம் பட்டு என்றைக்காவது விழும். கூர்முனைதான் முதலில் அடிபடும். தலைப்பைத் தாங்கிப் பிடிக்கிற கொக்கி ஒன்றைச் சுவரில் அடித்து, வெயிலும் ஜன்னல் சாரலும் படாத இடத்தில் மாட்டுவதே ஏற்ற வழி. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைக்கப் பழக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் துரு தெரியும்.

எந்தச் சுவர் என்பதில் வீட்டில் கருத்து வேற்றுமை எழக்கூடும். பிள்ளையின் அறைக்குள் மறைவாக மாட்டலாமே என்று தங்களில் ஒருவர் சொல்வார். இடம் இருக்குமானால் கூடத்திலேயே மாட்டுங்கள் என்பது என் வேண்டுகோள். வருகிறவர்கள் எல்லோரும் அது என்னவென்று கேட்பார்கள். பெரியப்பா கேட்பார், எதிர்வீட்டு மாமி கேட்பார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்பார். தாங்கள் முந்திக்கொண்டு விடை சொல்லாமல் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் விழையும்
ஒரு மாமன்